கோட்டம் நீங்கிய வண்டி

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். அதனைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கி, மீண்டும் பொருத்தத் தெரிந்தவர் சிலரே. கை வழியாகப் பெறும் அறிவும் கல்வியின் ஒரு கூறே. தந்தையார் விட்டுச்சென்ற பழைய எஃகு மிதிவண்டியை வெறும் சட்டகத்திலிருந்து மீட்டெடுத்த ஆசிரியர் ஒருவரின் பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பரணில் கிடந்த சட்டகம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். நாள்தோறும் பள்ளிக்கு அவரைச் சுமந்து சென்றது 28 அங்குலச் சக்கரம் பூட்டிய கறுப்பு நிற மிதிவண்டி. அவர் மறைந்தபின் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. சக்கரங்களை ஒருவரும் இருக்கையை மற்றொருவரும் கேட்டு வாங்கிச் சென்றனர். இறுதியில் சட்டகமும் முன்கவையும் மட்டும் மாட்டுக்கொட்டகைப் பரணில் எஞ்சின.

பழைய இரும்புக்கு அதனைப் போட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவானபோது, அக்கா மட்டும் இசையவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1991ஆம் ஆண்டில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். அக்கா கற்றது இந்த வண்டியில்தான். ஒருநாள் மாலை அவர் ஓடைப்பாலத்திலிருந்து வண்டியோடு கீழே விழுந்தார். கையில் சிராய்ப்பு, வண்டியின் மேற்குழாயில் ஒரு பள்ளம். "வண்டி போனால் போகட்டும், நாளைக்கும் ஓட்டு" என்றார் அப்பா. அக்கா ஓட்டினார். ஆனால், அன்று முதல் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதாக அப்பா அவ்வப்போது கூறுவார். கைப்பிடியைப் பலமுறை சரிசெய்தும் அக்குறை நீங்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் வண்டியை மீட்டெடுப்பது என உறுதிகொண்டேன். எழுபது வயதைக் கடந்த மிதிவண்டிப் பழுதுநீக்குநர் ஒருவர் துணைக்கு வந்தார். ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்டவர் அவர். வண்டியை முழுதும் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதை நம் ஊர்களில் 'ஓவராயில்' என்பர். "இது ஓவராயில் இல்லை தம்பி, மறுபிறப்பு" என்றார்.

இடம்புரி மரை

முதலில் சட்டகத்தைச் சோதித்தோம். நேர்மோதலுக்கு உள்ளான வண்டியில் தலைக்குழாயை ஒட்டிய கீழ்க்குழாயின் அடிப்பகுதி புடைத்திருக்கும், வண்ணப்பூச்சு சுருங்கியிருக்கும். அங்கே விரிசல் இருந்தால் அச்சட்டகம் சாலைக்கு உதவாது. எங்கள் சட்டகத்தில் அத்தகைய குறை இல்லை. குழாய்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். உள்ளே துரு அரித்த குழாய் மந்தமாக ஒலிக்கும். நல்ல வேளையாக, எல்லாக் குழாய்களும் கணீரென ஒலித்தன.

மிதிகட்டை அச்சைத் தாங்கும் எஃகுக் கிண்ணங்கள் இரண்டும் துருவேறிச் சட்டகத்தோடு ஒட்டியிருந்தன. அவற்றைக் கழற்றும் பணியை வீட்டிலேயே செய்ய முற்பட்டேன். இடப்பக்கக் கிண்ணம் எளிதில் வந்தது. வலப்பக்கக் கிண்ணத்தையும் அவ்வாறே இடஞ்சுழியாகத் திருக, அது அசையவில்லை. மேலும் அழுத்தினேன். திருகி வழுக்கி விரல்முட்டிகள் உரிந்ததே மிச்சம்.

மறுநாள் பெரியவர் சிரித்தார். "கழற்றுவதாக நினைத்து ராத்திரி முழுதும் முறுக்கியிருக்கிறீர்கள். அது இடம்புரி மரை." உருளும் குண்டுகளின் அழுத்தம் சுற்றிச் சுற்றி வரும்போது, கிண்ணம் தன் இடத்தில் மெல்ல நகரத் தலைப்படும். வலப்பக்கத்தில் வழக்கமான மரை இருந்தால் அந்நகர்வு கிண்ணத்தைத் தளர்த்திவிடும்; ஆகவே, அங்கு மரை மாற்றி வெட்டப்படுகிறது. இடக்கால் மிதிகட்டையின் மரையும் இக்காரணத்தாலேயே இடம்புரியாக உள்ளது. வலிமையைக் காட்டுமுன் திசையை அறிய வேண்டும் என்பதை என் விரல்கள் நன்கு கற்றுக்கொண்டன.

நூல் சொன்ன செய்தி

அடுத்து, பெரியவர் ஒரு நூலை எடுத்தார். பின்சக்கர அச்சு அமரும் பிளவுகளில் ஒன்றில் அதன் ஒரு முனையைக் கட்டி, முன்னே கொண்டுசென்று தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டினார். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தொலைவு இருபுறமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அளந்தோம். இடப்புறம் 30 மில்லிமீட்டர், வலப்புறம் 34.

நான் சற்று நேரம் பேசவில்லை. பின்பகுதி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. முன்சக்கரம் செல்லும் தடத்தில் பின்சக்கரம் செல்லவில்லை. அப்பா ஆண்டுக்கணக்கில் சொன்ன இழுப்பு கைப்பிடியில் இல்லை. ஓடைப்பாலத்தில் விழுந்த அன்று வளைந்த பின்கால்களில் இருந்தது. அக்குறையோடுதான் அவர் ஓய்வுபெறும்வரை பள்ளிக்குச் சென்று வந்திருக்கிறார்.

எஃகு வளையும், வளைந்ததை நிமிர்த்தவும் இடம்கொடுக்கும். மீட்சி எல்லைக்குள் அழுத்தினால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். அவ்வெல்லையைச் சிறிதளவு தாண்டினால்தான் புதிய நிலையில் நிற்கும். மிகுதியாகத் தாண்டினால் சட்டகம் கெடும். பெரியவர் தடித்த மரச்சட்டத்தை நெம்புகோலாக வைத்து மெல்ல அழுத்தினார், விடுவித்தார், நூல் கட்டி அளந்தார். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் ஓர் அளவு. நண்பகலில் இருபுறமும் 32 மில்லிமீட்டர் வந்தது. இரு பிளவுகளுக்கும் இடைப்பட்ட அகலம் மாறவில்லை என்பதையும் உறுதிசெய்தார்.

மேற்குழாயின் பள்ளத்தையும் நிரப்பி மறைத்துவிடலாமா என்று கேட்டார். அது வண்டியின் ஓட்டத்தைக் கெடுக்காது. ஆகவே, அப்படியே இருக்கட்டும் என்றேன். துருவைத் தேய்த்து நீக்கி, செங்காவி முதற்பூச்சும் கறுப்பு வண்ணமும் பூசினோம்.

கோட்டம் எடுத்தல்

முன்சக்கரத்திற்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்திற்கு 40 கம்பிகளும் கோத்தோம். பின்சக்கரம் மிதிப்பவரின் விசையையும் எடையின் பெரும்பகுதியையும் ஏற்பதால் அதற்குக் கம்பிகள் மிகுதி. மெல்லிய கம்பிகள் எடையைத் தாங்குவது அவை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான்.

கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் வளையத்தை நேராக்குவதைக் கோட்டம் எடுத்தல் என்பர். வளையம் வலப்பக்கம் ஒதுங்கினால், அவ்விடத்தில் இடப்பக்கக் கம்பிகளை முறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றே போதும். ஓரிடத்துக் கோட்டத்தை அவசரத்தில் நீக்கினால் வேறிடத்தில் கோட்டம் பிறக்கும். முன்சக்கரம் ஒன்றற்கே எனக்கு மூன்று மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன.

பின்னர், மிதிகட்டை அச்சின் ஒவ்வொரு பக்கமும் பதினொரு கால் அங்குலக் குண்டுகளைப் பசைமசகில் பதித்தோம். இறுக்கம் மிகுந்தால் குண்டுகள் தேயும். குறைந்தால் அச்சு ஆடும். ஆட்டம் நீங்கியும் தடையின்றிச் சுழலும் நிலையே சரியான நிலை. முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட பற்சக்கரங்களைச் சங்கிலி இணைத்தது. மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும்.

மீண்டும் சாலையில்

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று அக்கா வந்தார். மேற்குழாயின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, கண்மாய்க்கரைவரை சென்று திரும்பினார். இறங்கியவர் முதலில் சொன்னது இதுதான்: "இப்போது இழுக்கவில்லையே!"

நூலில் அளந்த கதையைச் சொன்னேன். "அப்பா என்னிடம் ஒருநாளும் இதைச் சொல்லவில்லை" என்றார். நெடுநேரம் வண்டியைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் 1817இல் காலால் உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக்காட்டினார். 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டியே இன்றைய மிதிவண்டிக்கு முன்னோடி. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த உருளிப்பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னை அம்பத்தூரில் மிதிவண்டி உற்பத்தி செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள மிதிவண்டி பழுதுநீக்குநரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.
2. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. வலப்பக்கக் கிண்ணத்தில் இடம்புரி மரை அமைவதன் காரணம் யாது?
2. 'கோட்டம் எடுத்தல்' – விளக்குக.

சிறுவினா
சட்டகத்தின் கோட்டத்தை நூல் கொண்டு அறியும் முறையை எழுதுக.

நெடுவினா
கட்டுரையாளர் பின்கால்களின் கோட்டத்தை நீக்கினார். மேற்குழாயின் பள்ளத்தை நீக்கவில்லை. இம்முடிவு குறித்த உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.