சிசிலி வண்டிப் பலகை வாங்கப் போகிறீர்களா?

இத்தாலியின் சிசிலித் தீவில் 1830களுக்குப் பிறகு சாலைகள் பெருகின. குதிரையும் கோவேறு கழுதையும் இழுத்த இரட்டைச் சக்கர வண்டிகளும் கூடவே பெருகின. ஒரு வண்டிக்குத் தச்சர், செதுக்குபவர், கொல்லர், ஓவியர் என்று நான்கு கை வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாரி வந்தது. நம் தெருக்களில் ஓடும் அதே ஆப்பே மூன்று சக்கர வண்டியும் வந்தது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பக்கப் பலகை, அச்சுப்பெட்டி, ஆரக்கால் என்று துண்டு துண்டாக விற்றார்கள். இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்தத் துண்டுகள்தான்.

செய்ய வேண்டியவை

• பலகையைத் திருப்பிப் பாருங்கள். உழைத்த வண்டி என்றால் உட்புறத்தில் மூட்டை உரசி வண்ணம் தேய்ந்திருக்கும். கயிறு கட்டிய விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். கொல்லர் அடித்த ஆணித்தலை ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. முன்பக்கம் மட்டும் மங்கி, பின்பக்கம் நேற்று இழைத்த மாதிரி இருந்தால் அது சுற்றுலாப் பயணிக்காகச் செய்த சரக்கு. பிடித்திருந்தால் அதையும் வாங்கலாம், ஆனால் பழசுக்கான விலை கொடுக்காதீர்கள்.

• எந்த ஊர் வண்டி என்று கேளுங்கள். பலெர்மோ பக்கம் மஞ்சள் தளம், கத்தானியா பக்கம் சிவப்புத் தளம். கடைக்காரர் சொல்லும் ஊரும் பலகையின் நிறமும் ஒட்டவில்லை என்றால் காரணம் கேட்பதில் தப்பில்லை.

• பலகையில் தீட்டியிருக்கும் கதையைக் கேளுங்கள். சார்லமேன் மன்னனின் வீரர்களான ஒர்லாண்டோவும் ரினால்டோவும் வாள் சுழற்றும் காட்சிகள்தான் அதிகம். அங்கே பொம்மலாட்டத்திலும் இவர்களே நாயகர்கள். 1860இல் படையோடு வந்திறங்கிய கரிபால்டியும் உண்டு, புனிதர்களும் உண்டு. ஒரு பக்கப் பலகையில் வழக்கமாக இரண்டு கட்டம் இருக்கும். எதிர்ப்பக்கத்துப் பலகையும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பாதிக் கதை அங்கே இருக்கலாம்.

• வாங்கும் முன் முழு வண்டி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பலெர்மோவுக்குப் பக்கத்தில் தெராசினியில் தௌமால் மாளிகை அருங்காட்சியகத்தில் முழு வண்டிகள் நிற்கின்றன. பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். உறவுக்காரர் யாராவது இருந்தால் அழைத்துப்போகச் சொல்லுங்கள். அச்சுக்கு மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில் எவ்வளவு செதுக்கு வேலை என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

• காகிதம் கேட்டு வாங்குங்கள். செய்தவர் உயிரோடு இல்லாமல், பொருளுக்கு 70 வயதும் கடந்திருந்தால் அதை இத்தாலிக்கு வெளியே கொண்டுபோக அந்நாட்டுச் சட்டத்தில் தனி நடைமுறை உண்டு. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்கிற ரகத்துக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• மேல் வண்ணத்தைச் சுரண்டாதீர்கள். "அடியில் அசல் ஓவியம் இருக்கிறது" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இருக்கலாம். ஆனால் வண்டிக்காரருக்கு வண்டிதான் கௌரவம். வெயிலில் வெளுத்தால் ஓவியரிடம் கொடுத்து மறுபடி தீட்டிக்கொள்வார். ஆகவே மேலே இருக்கும் பூச்சைப் போலி என்று தள்ள முடியாது, அதுவும் வண்டியின் வயதில் ஒரு பகுதி. அதைத் தீட்டிய கையும் சாதாரணக் கை அல்ல. ஓவியர் ரெனாட்டோ குத்தூசோ சிறுவனாக பகேரியாவில் போய் நின்றது ஒரு வண்டி ஓவியரின் பட்டறையில். ஆச்சி சாந்தந்தோனியோ ஊரின் தொமேனிக்கோ தி மௌரோ (1913–2016) நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த வண்டி ஓவியர்.

• தேங்காய் எண்ணெய், எலுமிச்சை, ஈரத்துணி எதுவும் கிட்டே வரக்கூடாது. எண்ணெய் அன்றைக்குப் பளபளக்கும். பிறகு தூசியைப் பிடித்துக் கறுக்கும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

• மரத்தில் பூச்சித் துளையைக் கண்டதும் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். கீழே கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். சில நாளில் புதிய மாவு உதிர்ந்திருந்தால்தான் பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்போதும் மருந்து உங்கள் கையால் வேண்டாம், மரப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

• ஏசிக்கு எதிரே, சன்னல் வெயிலில், சாம்பிராணிப் புகை படும் சுவரில் மாட்டாதீர்கள். புதுத் துளை போட்டு ஆணி அடிக்கவும் வேண்டாம். அடியில் தாங்கு வைத்து நிறுத்துங்கள்.

• சக்கரத்தின் மேல் கண்ணாடி போட்டு டீபாய் ஆக்குவதை நான் சொல்லியா தடுக்க முடியும்? சக்கரத்தின் நடுக் குடத்தை அறுக்காமலாவது செய்யுங்கள்.

• வண்ணம் செதிலாக உரிந்து விழுந்தால் ஃபெவிகால் எடுக்காதீர்கள். செதிலை உறையில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள். நிபுணர் வந்து ஒட்டட்டும்.