கடல் ஏன் சுடுது? – பாசி எடுக்கும் அம்மா சொன்ன பாடம்



பாம்பன் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருந்தபோது, ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை வந்து, "அக்கா, பவளப்பாறை ஏன் வெளுக்குது? டீச்சர் எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்று கேட்டது. நான் வாயைத் திறக்கும் முன்னே, கடல்பாசி எடுக்கப் போகும் அதோட அம்மா, "தண்ணி சுட்டா வெளுத்துப்போகும்டி. சித்திரை, வைகாசியில பார்க்கலாம்" என்றார். படித்த எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை!

அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லலாம்.

பவளப்பாறை வெறும் கல் இல்லை. கடுகு போலச் சின்னச் சின்ன உயிர்கள் கூடி, சுண்ணாம்பால் கட்டிக்கொள்ளும் வீடு. அந்த உயிருக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கு. வெயிலை வைத்து அது சாப்பாடு செய்து கொடுக்கும், நிறமும் கொடுக்கும். கடல் தண்ணீரில் சூடு வழக்கத்தைவிட ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே செத்துப்போகாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைச்சுக்கும். தணியலைன்னா பட்டினிதான். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் பவளம் இப்படி நிறைய வெளுத்தது.

கடல் ஏன் சுடுது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும் புகை பூமியைப் போர்வை மாதிரி மூடுகிறது. அதனால் கூடுகிற வெப்பத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

பவளம் போனால் மீன்குஞ்சு ஒதுங்க இடமில்லை, அலையும் நேராகத் தீவில் மோதும். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த இந்த வளைகுடாவில், பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

1986-ல் இங்குள்ள 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா ஆயின. பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் தீவுப் பக்கம் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அதுவே தடையாச்சு. சோறு போடும் கடலை நாங்களா அழிப்போம் என்பது அவர்கள் கேள்வி. கேட்டதோடு நிற்காமல் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், விரலில் துணி சுற்றிக் கையால்தான் பறிக்கணும். மாதம் 12 நாள்தான் போகணும். மீன்பிடித் தடைக் காலத்தில் போகக் கூடாது. இதில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

இந்தக் கட்டுப்பாட்டால் கடல் குளிர்ந்துவிடாது, உண்மைதான். ஆனால் அடிபடாத பவளம் சூட்டைத் தாங்கி மீண்டு வர வாய்ப்பு கூடுதல்.

இவ்வளவும் நான் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்து, "அப்ப மீதி 18 நாள் சும்மா இருக்கணுமா? காசுக்கு என்ன பண்ண?" என்றது.

"அதுக்குத்தானே குழுவுல லோன் கேட்டிருக்கேன். நீ முதல்ல எழுது" என்றார் அம்மா.