வீட்டு வளவில் உகாய் வளர்த்தல்

இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் ஹஜ், உம்றா முடித்து மீள்வோர் உற்றாருக்குக் கொண்டுவரும் பொருட்களுள் மிஸ்வாக் குச்சியும் ஒன்றாகும். அக்குச்சியைத் தரும் செடி அறபு நாட்டுப் பாலைக்கு மட்டுமே உரியதென எண்ணுவோர் பலர். அது சரியன்று. சங்க நூல்களில் பாலைநிலத்து மரமாகக் கூறப்படும் உகாய் என்பது இதுவே. சிங்களத்தில் இதனை மலித்தன் என்பர். மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை ஆகிய வறண்ட கரையோரங்களிலும், பாணமைக்குத் தெற்கேயுள்ள குமண தேசியப் பூங்காவிலும் இது இயற்கையாக வளர்கின்றது.

எனினும் இது நாடெங்கும் காணப்படும் செடியன்று. வறண்ட, உவர்ப்பான நிலத் துண்டுகளிலேயே நிலைத்திருக்கின்றது. ஆகையால் இதனை விரும்பும் கமக்காரர் காட்டிலுள்ளதை அழிக்காமல், விதையிலிருந்து தம் வளவிலேயே உண்டாக்கிக்கொள்ளும் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

செடியை அறிந்துகொள்ளல்

உகாய் என்றும் பசுமையாயிருக்கும் பெருஞ்செடி. சில இடங்களில் இருபது அடி வரை உயர்ந்து சிறு மரமாகும். அடித்தண்டு கோணலானது. கிளைகள் தாழ்ந்து தொங்கும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து, சற்றுத் தடித்துச் சதைப்பற்றோடிருக்கும். கசக்கி முகர்ந்தால் கடுகு போன்ற காரநெடி வீசும். பழம் மிளகளவினது, பழுக்கையில் சிவந்து, உள்ளே ஒரே விதை கொண்டிருக்கும். பறவைகள் இதனை விரும்பி உண்ணும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இசங்கு என்னும் சங்கஞ்செடியை உகாய் என மயங்குதல் கூடாது. இசங்கின் கணுக்களில் கூரிய முட்கள் உண்டு. உகாயில் முள் இல்லை.

காட்டிலிருந்து பிடுங்குதல் ஆகாது

பலர் செய்யும் முதற் பிழை, காட்டிற் காணும் இளங்கன்றை வேரோடு பிடுங்கி வருதலாகும். வறண்ட நிலச் செடியின் வேர் ஈரத்தைத் தேடி ஆழ்ந்து செல்வது. பிடுங்கும்போது அது அறுந்துவிடும். நாம் பார்வையிட்ட ஒரு வளவில் அவ்வாறு கொண்டுவரப்பட்ட ஐந்து கன்றுகளும் ஒரு மாதத்துள் பட்டுப்போயின. காட்டிலும் ஐந்து குறைந்தன. வளவிலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டாம் பிழை வேரைத் தோண்டுதல். மிஸ்வாக்குக்கு வேர்க்குச்சி சிறந்ததெனக் கொள்வர். ஆனால் வேரை இழந்த செடி நலிந்து மடியும். கிளைக்குச்சியும் பல் துலக்க ஏற்றதே.

மேலும், தேசியப் பூங்காக்களிலிருந்து செடியையோ அதன் பகுதியையோ எடுத்தல் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ கொண்டுவருதலும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. யாத்திரை செல்வோர் இதனை நினைவிற் கொள்க. நோயும் பூச்சியும் கன்றோடு சேர்ந்து வந்து நம் தோட்டங்களைப் பீடிக்கக்கூடும்.

விதையும் நாற்றும்

தனியார் வளவிலோ காணியிலோ நிற்கும் செடியிலிருந்து, உரியவரின் சம்மதத்தோடு, நன்கு கனிந்த பழங்களை ஒரு கைப்பிடியளவு மட்டும் எடுக்கவும். மிகுதியைப் பறவைகளுக்கு விடவும்.

பழத்தை அப்படியே விதைத்தல் பயன் தராது. நாமும் முதன்முறை அவ்வாறே விதைத்து ஏமாந்தோம். பழச்சதையில் முளையைத் தடுக்கும் பொருள் உண்டு. ஆதலின் பழத்தை நீரிலிட்டுப் பிசைந்து, சதை முற்றாக நீங்கக் கழுவி, விதையை நிழலில் ஒரு நாள் உலர்த்தி உடனே விதைத்தல் வேண்டும். நாட்பட வைத்தால் முளைப்புத்திறன் குன்றும்.

மேல்மண், ஆற்று மணல், மக்கிய மாட்டெரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து, அடியில் துளையிட்ட பைகளில் நிரப்பவும். அரை அங்குல ஆழத்தில் பைக்கு இரண்டு விதை இடவும். பூவாளியால் இலேசாக நீர் தெளிக்கவும். நீர் தேங்கினால் நாற்று அழுகும். முளைத்தபின் வலிய நாற்றை விட்டு மற்றதை நீக்கவும்.

நடுகையும் பராமரிப்பும்

நாற்று ஓரடி உயர்ந்தபின், மாரி மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடுதல் நன்று. நாள் முழுதும் வெயில் படும் மேட்டிடத்தைத் தெரிந்துகொள்ளவும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி போதும். களிமண் வளவாயின் மணல் கலந்து, தரையை ஓரடி உயர்த்தி நடவும். மதில், மரக்கறிப் பாத்தி ஆகியவற்றுக்குப் பன்னிரண்டடி தள்ளி நடுக. இது அகலப் பரவும் செடி. வயல் வரம்பில் நடுதல் வேண்டாம்; அதன் நிழல் நெற்பயிரைக் குன்றச் செய்யும்.

முதலாண்டுக் கச்சான் காலத்தில் மட்டும் சில நாட்களுக்கொருமுறை நீர் ஊற்றி, அடியில் வைக்கோல் பரப்பவும். அதன்பின் தானே தாங்கும். கிணற்று நீர் உவர்த்து மரக்கறி விளையாத கரையோர வளவுகளிலும் இது வளரும். இரசாயன உரம் தேவையில்லை. ஆடும் மாடும் இலையை விரும்பித் தின்னும். ஆகவே செடி ஆளுயரம் வளரும்வரை முட்கம்பு வேலி இடவும்.

இது மெல்ல வளரும் செடி. முதல் மூன்றாண்டுகள் குச்சி வெட்டாதிருக்கவும். பின்னர்ச் சிறுவிரற் பருமனுள்ள கிளைகளைக் கூரிய கத்தியாற் சாய்வாக வெட்டலாம். ஒருமுறையில் கிளைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுத்தல் ஆகாது. வெட்டிய இடத்தில் மீண்டும் தளிர்க்கும்.

சுதேசச் செடியின் சிறப்பு

வறண்ட நிலத்துக்கு எச்செடியும் ஏற்கும் என்று கருதலாகாது. உவர்நிலத்தைத் திருத்தும் நோக்கோடு 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல், இன்று புந்தல தேசியப் பூங்காவிற் பரவி, அங்குள்ள சுதேசச் செடிகளை நெருக்குகின்றது. நல்ல நோக்கத்தோடு நட்டதே பின்னர் நீக்க முடியாத களையாயிற்று. உகாயோ இந்நாட்டுக் காற்றுக்கும் மண்ணுக்கும் பழகியது. பறவைகளுக்கு உணவும் நிழலும் ஆவது.

ஒரு வீட்டுக்கு ஒரு செடி போதும். அது காய்த்தபின் அயலவருக்கு நாற்றாகக் கொடுங்கள். ஊரில் பத்து வளவுகளில் உகாய் நிற்குமாயின், குச்சிக்காகக் காட்டில் வேர் தோண்டும் தேவை எவருக்கும் எழாது.

மேலும் விபரம் வேண்டுவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.