ஜீவனாம்சம் யார் கைக்கு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா வேலைக்காகத் துபாய் போனதும் நீ மதுரைக்கு, அம்மாச்சி வீட்டுக்கு வந்துவிட்டாய். அப்பா கட்டும் பணம் மட்டும் இன்னும் அம்மாவின் கணக்கிலேயே விழுகிறது, இதை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தாய்.

பணம் உனக்கானதுதான். ஆனால் நீதிமன்றத்தின் ஜீவனாம்ச உத்தரவில் வாங்குபவராக இருப்பது அம்மாவின் பெயர். நீ வீடு மாறியதால் அது தானாக மாறாது. மாதத் தொகையை யாரிடம் கொடுப்பது என்பதை நீதிமன்றம் அவ்வப்போது சொல்லலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. சூழ்நிலை மாறிவிட்டதைக் காட்டித் திருத்தம் கேட்பது 146ஆம் பிரிவில்.

"அம்மா வாங்கி அம்மாச்சிக்கு அனுப்பட்டுமே, கோர்ட்டு எதற்கு?" என்று வீட்டில் சொல்வார்கள். எல்லாரும் ஒத்துப்போகும்வரை அது ஓடும். ஒரு மாதம் அம்மாவால் அனுப்ப முடியாமல் போனால் ஃபீஸுக்கு அம்மாச்சி யாரைக் கேட்பார்? 'நான் கட்டிவிட்டேனே' என்பார் அப்பா. காகிதப்படி அதுவும் சரி. சரி, அப்பாவே நேராக அம்மாச்சியிடம் கொடுத்தால்? அப்போது சிக்கல் அவருக்கு. உத்தரவுப்படி தனக்கு வரவில்லை என்று அம்மா நாளைக்குப் பாக்கி கேட்கலாம். பாக்கிக்கு வாரண்டு உண்டு. அதற்கும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உன் அப்பா என் தம்பிதான் என்றாலும் அவனிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

உத்தரவு தந்த குடும்ப நல நீதிமன்றத்திலேயே மனு போடுங்கள். பழைய உத்தரவின் சான்றிட்ட நகல், நீ இப்போது படிக்கும் பள்ளியின் சான்று, அம்மாச்சியின் பாஸ்புக் எல்லாம் வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் இழுபறி குறையும். வக்கீல் செலவுக்கு அம்மாச்சி தயங்கினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

தொகையைக் கூட்டியும் கேட்கலாம். ஆனால் அதைச் சேர்த்தால் சம்மதம் சண்டையாகிவிடும். முதலில் பணம் வந்துசேரும் இடம் மாறட்டும். உனக்கு 18 ஆனபின் கதை வேறு. மணமாகாத மகள் தன்னால் சமாளிக்க முடியாதபோது கேட்க 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில் வழி உண்டு.

அம்மாவின் வாட்ஸ்அப் சம்மதத்தை நம்பியிருக்காதே. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, அம்மாச்சி பெயருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் அனுப்பச் சொல்.

அன்புடன்,
அத்தை