மேம்படுத்துவதா, புதிதாக நிறுவுவதா?

கேள்வி: அரசு தந்த மடிக்கணினியில் உபுண்டு 18.04 ஓடுகிறது. மேம்படுத்தலாமா, புதிதாகவே நிறுவிவிடலாமா?
– வாசகர், அரவேணு

பதில்: புதிதாகவே நிறுவலாம்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சென்னை சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. (எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ!) இப்போது உங்கள் கணினியில் ஓடும் உபுண்டு 18.04-க்கான ஐந்தாண்டு இலவச ஆதரவு 2023-இல் முடிந்துவிட்டது. அங்கிருந்து நேராக 22.04-க்குத் தாவ முடியாது; முதலில் 20.04-க்கு மாற வேண்டும். இருமுறை பெரிய பதிவிறக்கம். பேட்டரி செத்த மடிக்கணினியில், மழைக்கால மின்வெட்டு நடுவில் குறுக்கிட்டால், பாதி பழசும் பாதி புதுசுமாக பூட் ஆகாமலே நின்றுவிடலாம்.

முதலில் 'ஹோம்' கோப்புறையை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவிலிருந்து நிறுவும்போது 'வட்டை முழுதும் அழி' என்ற தேர்வைக் கவனிக்க வேண்டும். அது விண்டோஸையும் சேர்த்தே துடைத்துவிடும். ராம் 2 ஜிபிதான் என்றால் லுபுண்டு போதும். தமிழ்99 விசைப்பலகையை மட்டும் மறக்காமல் மறுபடி சேர்க்க வேண்டும்.