கையெழுத்துப்படியும் காத்திருப்பும்

தமிழில் எழுதுவோர் தம் படைப்பை இதழாசிரியருக்கோ பதிப்பாளருக்கோ நேரே அனுப்புதல் நம்மிடை நிலவும் வழக்கம். இலண்டனிலும் நியூயார்க்கிலும் நிலை வேறு. அங்குள்ள பெரும் பதிப்பகங்களுள் பல, முகவர் வழியாக வாராத புதினத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுத விழையும் மாணவரும், தமிழ்ப் புதினங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஆசிரியரும் இலக்கிய முகவர் என்னும் வாயிலைத் தட்ட வேண்டியவராகின்றனர். தட்டியபின் எத்துணை நாள் காத்திருப்பது, எப்போது மீண்டும் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பனவே இக்கட்டுரை ஆராயும் பொருள். இது சிறு பொருளாகத் தோன்றலாம். எனினும், பல்லாண்டு உழைப்பில் உருவான படைப்பு, உரிய நேரத்தில் ஒரு வரி எழுதிக் கேட்காமையால் முடங்கிப் போவதுண்டு. கேட்க உரிமையில்லாத நேரத்தில் எழுதிய பத்து வரிகளால் திறந்த கதவு மூடிக்கொள்வதும் உண்டு.

இத்தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் உருப்பெற்றது. ஏ.பி. வாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் எழுத்தாளர் சார்பில் பதிப்பாளரிடம் பேசி, கிடைத்த பணத்தில் நூற்றுக்குப் பத்துக் கழிவாகப் பெற்றார். 1896இல் தொழில் தொடங்கிய ஜே.பி. பிங்கர், எழுதி முடியாத நூல்களை நம்பி ஜோசப் கான்ராடுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்து வந்தார். அங்கே கையெழுத்துப்படிக்காகக் காத்திருந்தவர் முகவரே! 1910இல் இருவருக்கும் பெரும் மனத்தாங்கல் நேர்ந்ததும் வரலாறு. இன்று உள்நாட்டு விற்பனைக்கு நூற்றுக்குப் பதினைந்தும், அயல்நாட்டு விற்பனைக்கு இருபதும் கழிவாகப் பெறுதல் பெருவழக்கு.

இக்கணக்கை மனத்திற் கொண்டால் முகவரின் மௌனம் விளங்கும். நூல் விலைபோனால்தான் அவருக்கு வருவாய். அறிமுகமில்லாத ஒருவரின் படைப்பைப் படிப்பதற்கு அவர் ஊதியம் பெறுவதில்லை, பெறவும் கூடாது. படிப்பதற்கே கட்டணம் கேட்பவரை விட்டு விலகுக. அலுவலக நேரம் முழுதும், முன்பே ஏற்றுக்கொண்ட எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களுக்கும் உரிமைத்தொகைக் கணக்குகளுக்கும் உரியது. புதியவரின் படைப்புக்குக் கிடைப்பது மாலைப்பொழுதும் விடுமுறை நாளுமே. எனவே மறுமொழி வாராமை அவமதிப்பு ஆகாது. எந்த நிலையில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று உணர்தலே இங்கு வேண்டப்படும் நாகரிகம்.

முதலில் அனுப்பப்படுவது ஒரு பக்க அளவிலான அறிமுக மடல். அதனுடன் சில பக்கங்களோ முதல் மூன்று இயல்களோ சேர்ப்பது அந்தந்த முகவரின் விதியைப் பொறுத்தது. இந்நிலையில் முகவர் நமக்கு எதுவும் கடன்படவில்லை. நாமே வலியச் சென்றவர்கள். ‘இத்தனை வாரத்தில் மறுமொழி இல்லையேல் ஏற்கவில்லை எனக் கொள்க’ என்று பலர் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர். அங்கு மௌனமே விடை, நினைவூட்டல் வேண்டா. எல்லார்க்கும் விடையெழுதுவோம் என்று அறிவித்தவரிடம் மட்டும், அவர் குறித்த காலம் கடந்து ஓரிரு வாரம் பொறுத்து ஒருமுறை கேட்கலாம். ஒரே காலத்தில் பல முகவர்க்கு அனுப்புதல் தவறன்று. அங்கு அதுவே இயல்பு. ஆயினும் ஒரே நிறுவனத்தின் இரு முகவர்க்கு ஒருங்கே அனுப்புதல் முறையன்று.

முகவரே முழுக் கையெழுத்துப்படியையும் கேட்டு வாங்கிவிட்டால் நிலை மாறுகிறது. இப்போது கேட்டவர் அவர். ஆகவே நமக்கும் ஓர் உரிமை பிறக்கிறது. அவர் காலம் எதுவும் குறிக்கவில்லையெனில், ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்து எழுதுதல் ஏற்புடைத்து. தொலைபேசியில் அழைப்பதும், அலுவலகத்திற்கு நேரிற் செல்வதும் அங்கு விரும்பப்படுவதில்லை. முதலில் அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தொடர்ச்சியாகவே எழுதினால், முகவர் பழைய மடலைத் தேடி அலைய நேராது. மடல் இவ்வளவு இருந்தாற் போதும்:

‘மதிப்பிற்குரிய அம்மையீர், தாங்கள் கேட்டவாறு, இன்ன பெயருடைய என் புதினத்தின் முழுப்படியை மார்ச் 4ஆம் நாள் அனுப்பியிருந்தேன். அது தங்கள் பார்வையில் உள்ளதா என அறிய விரும்புகிறேன். மீண்டும் அனுப்ப வேண்டுமாயின் உடன் அனுப்புவேன். நன்றி.’

மூன்றாவது வாக்கியம் வெறும் உபசாரம் அன்று. மின்னஞ்சலில் இணைத்தவை தவறிப்போதல் உண்மையிலேயே நிகழ்வது. காலம் தாழ்த்திய முகவர்க்கும் அவ்வாக்கியம் மதிப்புக் குறையாமல் விடையளிக்க வழி தருகிறது. நம்மவர் மடல்களில் காணும் ‘தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு துளி’, ‘தங்கள் திருவருளை வேண்டி’ போன்ற தொடர்களை அம்மொழியில் எழுதினால் பணிவாகத் தோன்றா, பதற்றமாகத் தோன்றும். குடும்பச் சூழலையும் வறுமையையும் எடுத்துரைத்தலும் அவ்வாறே. காத்திருக்கும் காலத்தில் திருத்திய படியொன்றை மேலும் அனுப்பிவைத்தல் முகவரை மிகவும் சலிப்படையச் செய்வது. மாற்றம் பெரிதாயின், புதிய படியை அனுப்பலாமா என்று முதலில் கேட்க வேண்டும். சிறிதாயின் விட்டுவிட வேண்டும்.

எழுதியே தீரவேண்டிய நேரம் ஒன்றுண்டு. ஒரு முகவர் நம்மை ஏற்க முன்வந்தால், முழுப்படியை வைத்திருக்கும் ஏனைய முகவர்க்கெல்லாம் அதனை உடனே அறிவித்தல் வேண்டும். இன்ன நாளுக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன் என்று, ஏறத்தாழ இரு வாரத் தவணையும் தரவேண்டும். பல திங்கள் வாய்திறவாத முகவரும் இம்மடல் கண்டு இரண்டே நாளில் படித்து முடிப்பதுண்டு. இதனை அறிந்த சிலர், எவரும் ஏற்க முன்வராத நிலையிலும் முன்வந்ததாக எழுதிவிடுகின்றனர். இதனினும் கேடானது இத்துறையில் வேறில்லை. முகவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யார் முன்வந்தார் என்று வினவினால் பொய் அன்றே வெளிப்படும்.

மறுப்பு வந்தால் வாதிடுதல் கூடாது. காரணம் கூறி மறுத்தவர்க்கு ஒருவரியில் நன்றி கூறலாம். அச்சுப்போன்ற பொது மறுப்புக்கு அதுவும் வேண்டுவதில்லை. ஹாரி பாட்டர் முதல் நூலை 1995இல் முடித்த ஜே.கே. ரௌலிங்கை, அவர் முதலில் அணுகிய முகவர் ஏற்கவில்லை. அடுத்து அணுகிய கிறிஸ்டோஃபர் லிட்டில் நிறுவனம் தொடக்க இயல்களைக் கண்டு முழுப்படியைக் கேட்டது. பதிப்பகங்கள் பல மறுத்தபின் புளூம்ஸ்பரி ஏற்க, 1997இல் நூல் வெளிவந்தது. அப்பதிப்பகங்களையெல்லாம் அணுகியது முகவர் நிறுவனமே. பதிப்பாளரைத் தொடர்ந்து கேட்கும் வேலையை முகவர் தம் தோளில் ஏற்றுக்கொள்வதால்தான் அவர்க்குக் கழிவு.

மொழிபெயர்ப்பாளர்க்குத் தனியே ஒன்று கூறவேண்டும். மூல ஆசிரியரிடமோ அவர்தம் உரிமையாளரிடமோ ஆங்கில உரிமைக்கு எழுத்து மூலம் இசைவு பெற்ற செய்தியை முதல் மடலிலேயே குறித்தல் நலம். அஃதின்மையால் முகவர் முடிவெடுக்க இயலாமற் போகலாம். நினைவூட்டல் எத்துணை அனுப்பினும் அங்குப் பயனில்லை.

முகவரோடு ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர்க் கடமை முற்றிலும் அவர் பக்கம் சாய்கிறது. எந்தெந்தப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார், அவர்கள் கூறியது என்ன என்று கேட்பது எழுத்தாளரின் முழு உரிமை. இங்கும் அஞ்சிக் கேளாதிருப்போர் பலர். பலமுறை எழுதியும் பல திங்கள் விடையில்லையெனில், ஒப்பந்தத்தில் விலகுதல் பற்றிய பிரிவைப் பார்த்து, அது கூறும் முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு, எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். விலகும்போது, அவர் படைப்பை எவரெவர்க்கு அனுப்பினார் என்னும் பட்டியலைத் தவறாமல் கேட்டு வாங்குக. அடுத்த முகவர் முதலில் கேட்பது அதனையே.