இருநூறு மணி நேரமும் மீதி நேரமும்

விமானி ஆக வேண்டும் என்று கிளம்பும் பிள்ளைகளின் பெற்றோர் என்னைக் கூப்பிட்டால் முதலில் கேட்பது, "எவ்வளவும்மா ஆகும்?" பிள்ளைகள் கேட்பது, "சோலோ போறப்போ பயமா இருந்துச்சாக்கா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. பறக்காத நேரத்தில் என்ன செய்வது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குள் 100 மணி நேரம் விமானத்துக்கு நீங்களே பொறுப்பாளராக இருந்திருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி 20 மணி நேரம். அதில் ஒரு பயணம் குறைந்தது 300 கடல் மைல் நீளம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று கிளம்ப வேண்டும். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது 10 மணி நேரம், இரவில் 5 மணி நேரம். கடிகாரக் கணக்கில் 200 மணி நேரம் என்பது ஒன்பது நாள்கூட இல்லை. அதைச் சேர்க்க ஒன்றரை ஆண்டும் ஆகும், மூன்று ஆண்டும் ஆகும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பணம், பாதி மனவேதனை மிச்சம்.

எங்கேயும் ஒரு ரூபாய் கட்டும் முன் உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை முதலில். அதன் பிறகு முதல் வகுப்பு. நான் முதல் வகுப்புக்குப் போனது பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையத்துக்கு. ரத்தம், இசிஜி, காது, கண் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணாடி போட்டவள். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். கண்ணாடியால் தீராதது நிறப்பார்வைக் குறைதான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள், படிக்க வேண்டும். அந்தக் குறை தனக்கு இருப்பதே தெரியாமல் பெரும் தொகையைக் கட்டிவிட்டு, பிறகு சோதனைக்குப் போய்த் திரும்பிய பையன் ஒருவனை எனக்குத் தெரியும். கட்டிய பணத்தில் கால்வாசிகூடத் திரும்பி வரவில்லை. 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் இடிந்துபோக வேண்டாம். எடை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று சரிசெய்யக்கூடிய காரணம்தான் பெரும்பாலும் இருக்கும்; மருந்தோ நடைப்பயிற்சியோ செய்துவிட்டு மறுபடி போகலாம்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். ஏர் நேவிகேஷன், வானிலை, விமானச் சட்டவிதிகள், டெக்னிக்கல் ஜெனரல், நீங்கள் ஓட்டும் விமானத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். இவை தவிர ரேடியோ உரிமத்துக்குத் தனித் தேர்வு, நேர்முகமும் உண்டு. என் கருத்து இதில் கொஞ்சம் பிடிவாதமானது: ஸ்பெசிஃபிக் தவிர மற்ற அனைத்தையும் முடித்துவிட்டுத்தான் பயிற்சிப் பள்ளி வாசலை மிதிக்க வேண்டும். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு அந்த ஊர்களின் வெயில் தெரியாது. விடிகாலை நாலரைக்கு எழுந்து, வரிசையில் காத்திருந்து, முக்கால் மணி நேரம் பறந்துவிட்டு அறைக்கு வந்தால் படுக்கைதான் தெரியும். பேப்பர் பாக்கி இருப்பவர்கள் தேர்வுக்காக விடுப்பு எடுப்பார்கள். திரும்பி வரும்போது கை மறந்திருக்கும், மறந்ததை மீட்க இன்னும் சில மணி நேரம் காசு கொடுத்துப் பறக்க வேண்டும்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மூன்றாண்டுக் கதைகள் பிறக்கின்றன. விளம்பரத் தாளில் எத்தனை விமானம் படம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். இன்று காலை பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொரு விமானமும் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்கு ஹேங்கருக்குள் போயாக வேண்டும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் வெளியே வராது. பிறகு மாணவர் எத்தனை, இன்ஸ்ட்ரக்டர் எத்தனை, போன மாதம் பள்ளி மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் சிரித்து மழுப்பினால் கேன்டீனுக்குப் போய் மாணவர்களிடம் கேளுங்கள், ஒரு டீ செலவில் உண்மை வந்துவிடும். 2025-லிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். பறந்த மணிக்கணக்குக்கு ஏற்பத் தவணை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பயின்றது மத்திய இந்தியாவில். மார்கழியில் மூடுபனி, ஆடியில் மழை, சித்திரையில் அனல். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி குறைந்தது 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். டிசம்பர் காலைகளில் எதிர் ஹேங்கரே தெரியாது. சூடு இன்னும் நுட்பமான எதிரி. கடல் மட்டத்திலிருந்து 1,500 அடி உயரத்தில் இருக்கும் ரன்வேயில் 42 டிகிரி அடித்தால், காற்று அடர்த்தி குறைந்து, இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது 5,000 அடிக்கு மேலே இருப்பது போல ஆகிவிடும். அந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலையை விட ஒரு டிகிரி கூடினால் இப்படித் தோன்றும் உயரம் ஏறக்குறைய 120 அடி கூடும் என்பது கணக்கு. புத்தகத்தில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. மே மாத மதியம் இரண்டு பேரும் நிறைந்த எரிபொருளுமாக ஒரு செஸ்னா 172 ரன்வேயை விட்டு எழ மனமில்லாமல் ஓடுவதை உள்ளே இருந்து பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி புரிகிறது. காலையில் முதல் சார்ட்டிக்கு, அதாவது முதல் பறப்புக்கு, பெயர் கொடுக்க மாணவர்கள் அடித்துக்கொள்வது இதனால்தான்.

பறக்கும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பதைப் பலர் சடங்காகச் செய்வார்கள். எரிபொருளைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கும் வேலையை மட்டுமாவது அவசரப்படாமல் செய்யுங்கள். நாங்கள் போடும் ஏவ்கேஸ் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் குமிழாகத் தங்கும். மழை இரவுக்கு அடுத்த நாள் எங்கள் பேட்சில் ஒருத்திக்கு அப்படிக் குமிழ் வந்தது. தெளியும் வரை வடித்துக்கொண்டே இருந்தாள், வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவள் அசையவில்லை. அந்தத் தடித்த தோல்தான் பயிற்சியில் கிடைக்கும் நல்ல சரக்கு.

இனி காத்திருக்கும் நேரம். எங்கள் ஹாஸ்டல் சுவரில் காக்பிட் படத்தை அதே அளவில் அச்சடித்து ஒட்டியிருந்தோம். அதன் எதிரே நாற்காலி போட்டு, செருப்பிரண்டும் ரடர் பெடல், கையில் இல்லாத த்ராட்டில், வாயில் செக்லிஸ்ட். "இன்ஜின் போச்சு!" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். வேகத்தை 65 நாட்ஸில் பிடி, இறங்க இடம் பார், எரிபொருள் திறந்திருக்கிறதா பார், ரேடியோ அதற்குப் பிறகு. பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்கார விடுதி. ஆனால் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பழகும் வரிசையை இங்கே காசில்லாமல் பழகலாம். கை வேலை சுவரெதிரே முடிந்துவிட்டால் மேலே போகும்போது கண் வெளியே பார்க்கச் சும்மா இருக்கும்.

லேண்டிங்தான் எல்லோரையும் அழவைப்பது. தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் அந்த ஓரிரு நொடி, ஃப்ளேர், சொல்லிக் கொடுத்து வராது. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒரே வாக்கியத்தைத்தான் தினமும் சொன்னார்: "ரன்வேயோட கடைசி முனையைப் பாரு." சைக்கிள் பழகும்போது முன்சக்கரத்தையே பார்த்தால் விழுவோமே, அதேதான், மூக்குக்குக் கீழே ஓடும் தாரைப் பார்த்தால் உயரம் தெரியாது. இதோடு நான் சேர்ப்பது ஒன்று: நல்ல லேண்டிங் ரன்வேயில் தொடங்குவதில்லை. கடைசி நேர்கோட்டில் வேகம் 65-க்குப் பதில் 75 இருந்தால் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும், அங்கே எந்தக் கைத்திறனும் உதவாது. அப்போது த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மறுபடி ஏறிவிடுங்கள். கோ-அரவுண்ட் போனால் கீழே நிற்கிறவன் சிரிப்பான் என்று தரையைத் தொட்டே தீருவேன் என்றிருந்தவர்கள்தான் முன்சக்கரத்தை வளைத்தார்கள்.

நேவிகேஷனில் எனக்குப் பிடித்தது அறுபதுக்கு ஒன்று விதி. ஒரு டிகிரி விலகினால் 60 மைலில் ஒரு மைல் தள்ளிப் போயிருப்பீர்கள். 60 மைல் பயணத்தில் பாதி வழியில், 30 மைலில், ஏரி ஒன்று வலப்பக்கம் வர வேண்டியது இடப்பக்கம் வந்து, 2 மைல் வலமாக விலகியிருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த வழியின் பிழை 4 டிகிரி, மீதி 30 மைலில் போய்ச் சேரவும் 4 டிகிரி. ஆக 8 டிகிரி இடப்பக்கம் திருப்பினால் ஊர் நேரே வரும். ஜிபிஎஸ் திரை இருக்கிறதே என்பார்கள். திரை இருக்கட்டும், மனக்கணக்கும் இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பயப்படுவது ரேடியோவுக்கு. இதில் உச்சரிப்பு அழகு யாருக்கும் தேவையில்லை. யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன வேண்டும் என்ற வரிசை மாறாமல் இருந்தால் டவர் உங்களைக் காப்பாற்றும். சொன்னது புரியாவிட்டால் 'சே அகெய்ன்' என்று திரும்பக் கேளுங்கள், மூன்று தடவை வேண்டுமானாலும். ஆபத்து, புரியாமல் 'ரோஜர்' சொல்வதில்தான். 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி மேலே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் இருக்கச் சொன்ன கசாக் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் குழுவினருக்கு ஆங்கிலம் போதாமல் இருந்ததையும் விசாரணை அறிக்கை ஒரு காரணமாகச் சொன்னது. வகுப்பில் அந்த அறிக்கையைப் படித்த நாளிலிருந்து திரும்பக் கேட்க எனக்குக் கூச்சமே வந்ததில்லை.

லாக்புக்கை அன்றன்றே எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். இன்ஸ்ட்ரக்டர்கள் பள்ளி மாறுவார்கள், பிறகு கையெழுத்துக்காக ரயிலேற வேண்டியிருக்கும். பறக்காத மணியை எழுதச் சொல்லி யார் ஆசை காட்டினாலும் வேண்டாம். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியலோடு உரிமம் வாங்கியவர்கள் கைதான பிறகு காகிதங்களை எவ்வளவு தோண்டுகிறார்கள் என்பது உலகறிந்த விஷயம்.

உரிமம் கைக்கு வந்தவுடன் வேலை என்று நினைக்காதீர்கள். ஏர்பஸ் ஏ320-க்கோ ஏடிஆருக்கோ டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சி வேண்டும், அதுவும் லட்சங்கள். வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் அதைச் செய்யாதீர்கள் என்பேன். நீங்கள் ஒரு விமானத்துக்குப் பயிற்சி எடுத்திருக்க, ஆள் எடுக்கும் நிறுவனம் வேறு விமானம் வைத்திருக்கலாம். எங்கள் செட் வெளியே வந்த சமயம் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, அனுபவம் உள்ள விமானிகளே வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். அடுத்த ஆண்டு கொரோனா. நான் அந்தக் காலத்தில் நேவிகேஷன் வகுப்பு எடுத்தேன், ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சான்றைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்தேன். கூடவே, வீட்டுப் பத்திரத்தை வைத்து அப்பா வாங்கிய கடனுக்குத் தவணை தொடங்கிவிட்டது. வங்கி கொடுத்த அவகாசம் படிப்பு முடிந்து ஓராண்டுதான். வங்கிக்குப் போகும்போதே பள்ளிக் கட்டணத்தோடு இரண்டு ஆண்டுத் தவணையையும், பள்ளியில் சேரும் மற்றச் செலவுகளுக்காக இன்னொரு பத்து சதவீதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.